துணி மூடிய கவிஞர்

— அப்ப இது கவிஞர் இல்லையாக்கா?

— எனுக்கு இன்னா தெரியும் கண்ணு? நானும் அவரத்தான் தேடிக்கினு வந்தேன். ரெண்டு சிலையையும் வெள்ளத்துணி சுத்தி கட்டி வச்சிக்கிறானுங்க.

— எலெக்சனுக்கு தலைவருங்க சிலையத்தான மூடுவாங்க? கவிஞரு எந்தக் கட்சி?

— கட்ட வந்தவனுங்களுக்கே எது யாருன்னு தெரியலையாம். பூக்காரம்மா சொல்லிச்சி. எதுக்கு வம்புன்னு ரெண்டையும் மூடிட்டானுங்க.

— ஐயோ. இது கைய நீட்டிக்கிட்டு இருக்கு. கவிஞர்னா கையில புஸ்தகம் இருக்கணும்ல?

— தோ, அதுல நெஞ்சாண்ட துணி முட்டிக்கினு கீது பாரு. புஸ்தகமோ, பழைய மாலையோ. அதுக்கு ஏன் நீ இப்பிடி பேஜாராவுற?

— கவிஞர் சிலையாண்ட வரச்சொல்லி மெசேஜ் போட்டிருக்காருக்கா. நான் இங்க நின்னு, அவரு அங்க பாத்துட்டு போயிட்டா?

— எவரு?

— வசந்த். எங்க கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு கேட்டு வர்றேன்னிருக்காரு. எங்கம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டாங்க.

— சொல்லிட்டாங்களா.

— ஆமாக்கா. எப்பவும் கம்பெனி கேட்டுலதான் பாப்போம். இன்னிக்கி எதுக்கு பார்க்குன்னுதான் புரியல. பஸ்ல வரப்ப போன் அடிச்சேன், எடுக்கல.

— உக்காரு கண்ணு. மூஞ்சியெல்லாம் வேர்த்துக்கினு கீது. தண்ணி குடி.

— இருங்க, இன்னொரு வாட்டி அடிக்கிறேன்... அக்கா, கேக்குதா? அவரு ரிங்டோன்! இங்கதான் எங்கயோ இருக்காரு. சிலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு வெளையாடுறாரா?

— அங்க போவாத.

— இல்ல, கிட்டக்க கேக்குது... உங்க கூடையிலயா?

— ம்.

— அவரு போன் உங்களாண்ட எப்பிடி... அத்தே? ஊத்துக்கோட்டையில இருக்குற அவரோட அம்மாவா நீங்க? ஐயோ, நான்பாட்டுக்கு அக்கா அக்கான்னு! என்ன பாக்கவா வந்தீங்க?

— உன்னத்தான். சிலைன்னா பஸ்லேருந்தே தெரியுமேன்னு, பக்கத்து ஊட்டு பூமிகாவ உட்டு நான்தான் மெசேஜ் போடச் சொன்னேன். இப்பிடி மூடி வச்சிருப்பானுங்கன்னு கண்டேனா?

— அவரு போன மறந்து வச்சிட்டுப் போயிட்டாரா? எப்பவுமே இப்பிடித்தான் அத்தே, டிபன் பாக்ஸ் கூட மறந்துடுவாரு. வெள்ளிக்கிழமை நீங்களும் வருவீங்கல்ல?

— மறக்கல ரம்யா. “நீயே சொல்லிடும்மா”ன்னு என் கையில குடுத்துட்டு, காலையில அவுங்க நைனாகூட பொதட்டூர்பேட்டைக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டான்.