சாரைதான் மச்சான்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டில் எனக்கு வெறும் டீதான். பக்கத்து வீட்டுச் சுருளி வந்து உட்கார்ந்தால் மட்டும் என் மனைவி ஜெயக்கொடி இஞ்சியைத் தேடுவாள்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். நாகமலை அடிவாரத்தில் பாம்புகள் இணைசேரும் பருவத்தைச் சில வருஷமாகக் கவனித்து வருகிறேன். மாசி, பங்குனி வந்தால் லீவு நாளெல்லாம் பைனாகுலரோடு அங்கேதான் கிடப்பேன். சுருளிக்கு நாகமலைப் புதுக்கோட்டை விலக்கில் சைக்கிள் கடை. தங்கமான மனிதர், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் மனைவியும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், என்னை மாப்ள என்பார். கூப்பிடுவதில் என்ன இருக்கிறது? அவர் வந்தால் சிரிக்கிறாள். நான் வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. கேட்டால், "ஒங்க சந்தேகத்துக்கு மருந்தே இல்லையா?" என்று அழுவாள். அழுதுவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா?

இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து நின்றால், ஆணும் பெண்ணும் கூடுகின்றன என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவற்றின் மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்து வீட்டில் வைத்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் மனஸ்தாபமே வராதாம். உண்மையில் அவை இரண்டும் ஆண். பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன. பெண் பக்கத்துப் புதரில் பேசாமல் கிடக்கும். இதை வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். வீட்டில் சொன்னதில்லை.

போன வாரம் ஜெயக்கொடி சுவருக்கு மேலாக ஒரு புது வேட்டியைச் சுருளியிடம் கொடுத்ததைப் பார்த்தேன். நல்ல கரை வேட்டி. எனக்கு அவள் ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்லை. மறுநாள் அவர் என்னிடமே வந்தார்.

"மாப்ள, சாரை பிணையிறதைப் பாத்தா ஒரு குரல் குடுங்க. ஒரு காரியம் இருக்கு, அப்பறமாச் சொல்றேன்."

கக்கத்தில் அதே வேட்டி. எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குரல் கொடுத்தேன். எருக்கஞ்செடிகளுக்கு மேல் இரண்டு தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. படம் விரிக்கவில்லை. அந்தத் தூரத்தில் வெறும் கண்ணுக்கு எல்லாம் சாரைதான். பைனாகுலர் என் கழுத்தில் தொங்கியது. இரண்டும் நல்ல பாம்பு.

"சாரைதான மாப்ள?"

"சாரைதான் மச்சான். கிட்டப் போங்க."

அவரை நான் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். கிட்டப் போய் வேட்டியை வீசினார். கொஞ்சம் பொறுத்து, குனிந்து எடுத்தார். கணுக்காலில் ஒன்று கொத்திவிட்டது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. துண்டால் காலைக் கட்டினேன். என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து மெயின்ரோட்டைப் பார்த்து மிதித்தேன். ரோட்டுக்குப் போய்விட்டால் மதுரைக்கு பஸ் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்கிறது. பிழைத்திருப்பார். ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் வேட்டி. நாக்குக் குழறியது.

"இது ஒங்களுக்குத்தான் மாப்ள. நீங்க சந்தேகப்படாம நிம்மதியா இருக்கணும்னு ஜெயக்கொடி வாங்கிக் குடுத்துச்சு. கட்டிக்கங்க."

அவர் மனைவி பெயர் செல்லத்தாய். உயிர் போகிற நேரத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை, என் மனைவி பெயர்தான் வந்தது. அதுவரை நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அதைக் கேட்ட பிறகுதான் சைக்கிளைக் கண்மாய்க்கரைப் பக்கம் திருப்பினேன்.