மூன்றாம் கூண்டு

எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்னால் தளர்ந்திருக்கும் தோலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்தால் கடிக்காது, துள்ளாது. இருபத்திரண்டு வருடமாக ஆராய்ச்சிக்கூடத்து எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இது தெரியும். பேராசிரியைக்குத் தெரியாது. நாற்றம் தாங்காமல் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன் ஐயா. புற்றுநோய்க்கு ஒரு மருந்து இருக்கிறது. ஆளைக் காப்பாற்றிவிடும்; ஆனால் ஆண்களுக்கு விந்தணுவை அழித்துவிடும். அதனால் சிகிச்சைக்கு முன்பே எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். வேலியோரம் முளைக்கிற ஒரு செடியின் சாறு அந்தக் கெடுதலைத் தடுக்கும் என்று பேராசிரியை நம்பினார். அதைப் பார்க்க நான்கு கூண்டு எலிகள். முதல் கூண்டுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவதற்கு மருந்து மட்டும், மூன்றாவதற்கு மருந்தோடு சாறு, நான்காவதற்கு வெறும் சாறு. ஊசி போடுவதும் சாற்றைக் குழாயால் தொண்டைக்குள் விடுவதும் என் வேலை.

முதல் முறை சாறு தோற்றது. மூன்றாம் கூண்டிலும் முதுகு முடி கொட்டியது, தீனி இறங்கவில்லை. விந்தணுவை எண்ணிப் பார்க்கும் முன்பே நான் சொன்னேன்: "இந்தச் சாறு வேலைக்கு ஆகாது மேடம்."

"எண்ணிக்கை சொல்லட்டும். நீங்க ஊசி போட்டா போதும்" என்று சிரித்தார். கூட நின்ற மாணவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருத்தனுக்கு எலியில் ஆண் எது, பெண் எது என்று முந்தின வாரம்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எண்ணிக்கையும் நான் சொன்னதையே சொன்னது. உடனே சாற்றின் அளவைக் கூட்டி மறுபடி செய்யச் சொன்னார். இந்தத் தடவை மூன்றாம் கூண்டுக்கு மருந்துக்குப் பதிலாக உப்புநீரைப் போட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏமாற்றச் செய்யவில்லை. கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்றுதான் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் மறைக்கக்கூட இல்லை, தட்டின் நடுவிலேயே வைத்தேன். எலிகள் கொழுகொழுவென்று திரிந்தன, ஒரு முடி கொட்டவில்லை. அந்த மருந்து ஏறிய உடம்பு அப்படி இருக்காது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். இவர்களுக்கு மைக்ரோஸ்கோப் வேண்டியிருந்தது. அதில் நீந்தியதை எண்ணினார்கள், கைதட்டினார்கள், கட்டுரை எழுதினார்கள். எலி அறைக்கு வந்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது பேர், எல்லோரும் இளவட்டம். உறைய வைப்பது அவரவர் விருப்பம் என்று படிவத்தில் இருந்தது. சாறுதான் இருக்கிறதே என்று பதினொரு பேர் வைக்கவில்லை. சின்னக் குப்பியோடு விந்து எடுத்துக் கொடுக்கிற அறைக்குள் போக வெட்கமாம். வெட்கப்பட்டால் பிள்ளை பிறக்குமா? இரண்டு வருடம் கழித்துப் பார்த்ததில் அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேருக்குப் பூஜ்யம். நான் எலிக்குத்தான் ஊசி போட்டேன் ஐயா.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவனான பஸ் டிரைவரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். யாரும் கேட்கவில்லை என்றேன். அவன் ஒருவன் கேட்டான். கல்யாணமாகி மூன்று மாதம். சிகிச்சைக்கு முந்தின நாள் வழி விசாரித்துக்கொண்டு எலி அறைக்கே வந்தான். மூக்கைப் பொத்தவில்லை.

"அண்ணே, டாக்டருங்க பேசறது எனக்குப் புரியல. எலிய வளர்த்தவரு நீங்க. உள்ளதைச் சொல்லுங்க. அந்த ரூமுக்குப் போகணுமா, இந்தச் சாறே போதுமா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் நேராகப் பேராசிரியையிடம் போய்க் கேட்டிருப்பான். ஊசியாள் உளறுகிறான் என்று இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள். அவர் ஊரறியத் தலைகுனிய வேண்டுமென்றால் எண்ணிக்கை வேண்டும், அதுவும் மனிதர்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை சொல்லட்டும் என்றது அவர்தானே.

"போதும் தம்பி. என் எலிங்க ஜம்முனு இருக்கு. தைரியமா குடிங்க" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். வாசலில் நின்ற அவன் மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்த ஒன்பது பேரில் அவனும் ஒருவன். பேராசிரியை தலைகுனிந்துவிட்டார், நானும் பார்த்தேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதே வாரம் என் அக்கா மகனுக்கும் அதே நோய், அதே மருந்து. அவன் பெயரும் சாற்றுக்காரர் பட்டியலில்தான் இருந்தது. "வேணாம் மாமா, வெட்கமா இருக்கு" என்றவனைக் கையைப் பிடித்து நானே அந்த அறைக்கு அழைத்துப் போனேன். அவன் உறைய வைத்துவிட்டு வெளியே வரும்வரை பெஞ்சில் காத்திருந்தேன். போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் ஐயா, மனசாட்சி இல்லாதவன் இதைச் செய்வானா?