தட்டாத கதவு

“உன்கிட்டதானே வாயைத் திறந்து சொன்னான், நீ என்ன—”

“சொன்னார்க்கா, வெள்ளிக்கிழமை கூட்டத்துல டாக்டர்கிட்ட நான்—”

“சாவு வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாடி?”

செத்துப்போன தையல்காரரின் அக்காவும் எங்கள் மனநல ஆலோசகரும் வராந்தாவில் இப்படி மோதிக்கொண்டிருந்தபோது நான் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். யார் செத்தாலும் மறுநாள் புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆள் வரத்தானே செய்யும்.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்கிறீர்கள். சொல்வதில் எனக்கொன்றும் இல்லை, ஐயா. இந்தக் கிளினிக்கில் நான் தலைமை நர்ஸ். ஆலோசகராக வந்த அந்தப் பெண் பெரிய மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவள். அங்கே கதவைச் சாத்திவிட்டால் யாரும் குறுக்கே போகக் கூடாதாம். இங்கே அப்படி இல்லை. உள்ளே யார் இருந்தாலும், ஆபத்து என்றால் டாக்டர் கதவைத் தட்டிவிட்டு நேரே போய்விடுவோம். “சிஸ்டர், நம்ம வழக்கமெல்லாம் இந்தப் பொண்ணுக்குப் பழக்கி விடுங்க” என்று டாக்டர் அவளை என் கையில் ஒப்படைத்தார். கூடவே என் கட்டுப் போடும் அறையை அவளுக்குக் கொடுத்தார். என் கத்தரியும் தட்டும் வராந்தா மூலைக்கு வந்தன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதுதான்.

இருந்தும் குறை வைக்காமல்தான் பழக்கினேன். டாக்டரிடம் சுருக்கமாகப் பேச, காய்ச்சலென்று வருபவரின் கண்ணில் வேறென்ன இருக்கிறதென்று பார்க்க, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னேன். டாக்டர் கதவைத் தட்டினால் அவருக்குப் பிடிக்காது, எதுவானாலும் வாராவாரம் நடக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சொல், அவசரமென்றால் முதலில் என்னிடம் வா என்றேன். வேறிடத்துப் பழக்கம் அவளுக்கு, சந்தேகமே வரவில்லை.

தையல்காரரின் கால் புண்ணுக்கு வருஷக்கணக்காக நான்தான் கட்டுப் போட்டேன். அவர் வீட்டுச் சண்டை, கடைக் கவலை எல்லாம் என் காதில்தான் விழும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளிடம் போய்விட்டு வந்து, “உங்ககிட்டகூடச் சொல்லாததை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன் சிஸ்டர்” என்றார். முகம் தெளிந்திருந்தது. நான் கட்டை இறுக்கினேன்.

அவர் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். அவள் ஓடி வந்தாள். இனி இருக்கப்போவதில்லை என்கிறார், எப்படி என்றுகூடச் சொல்கிறார் என்றாள். தட்டுவதற்கு அவள் கை டாக்டர் கதவு வரை போய்விட்டது.

“உட்காரு. புதுசா வர்றவங்களுக்கு எல்லாருமே சாகப்போறவங்களாத்தான் தெரியும்” என்றேன். கூச்சத்தோடு சிரித்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

தையல்காரர் சும்மா பேசுகிறவர் அல்ல. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வாசலில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் பயிற்சி என்றால் ஒரு தடவையாவது சறுக்க வேண்டாமா? இந்த மாதிரி ஆட்களுக்கு இங்கே இடமில்லை என்று டாக்டருக்கும் புரிய வேண்டாமா? நான் யாரையும் தொடக்கூட இல்லை. தையல்காரரை நினைத்து அழக்கூடச் செய்தேன்.

அவள் எல்லாம் தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாமே. என் பெயரைச் சொல்லவே இல்லையாம். நல்ல பெண்தான், ஒழுங்காகப் பழக்கியிருந்தால் தேறியிருப்பாள்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். கேட்க வேண்டியது எனக்கும் ஒன்று இருக்கிறது.

“அந்தக் கட்டுப் போடற அறைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு ஐயா? காலையில கட்டு மாத்த ஆளுங்க வந்துடுவாங்க.”