வெர்னா மேலேருந்து சொன்னது

இல்லக்கா, சண்டைக்கு வரல. உக்காருங்க, காபி ஆறிடும். உங்களுக்குப் பின் வரிசையில இருந்தேனே, அவதான் நான். கொட்டகையே மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கு, நீங்க மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சீங்க. டிக்கெட் பாத்து உக்காரவெக்கிற அந்தப் பித்தான் சட்டைக்காரன் வந்து உங்க தோளைத் தட்டினான் பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது, உங்களுக்குக் காது கேக்காதுன்னு. ஊமைப் படத்துல இருக்கறவங்க வாயைப் பாத்தே படிச்சுடறீங்கன்னும் புரிஞ்சுது.

நான் பேசறது தெரியுதா? இவ்ளோ பெருசா வாயைத் தொறக்க வேணாமா? சரி, சரி. நீங்க அந்த நோட்டுல எழுதிக் காட்டுங்க.

கதாநாயகி என்ன சொன்னான்னு சிரிச்சீங்க? எங்க, குடுங்க... அடிப்பாவி! அம்மா என்னை மன்னிச்சிடுன்னு திரையில எழுத்து அட்டை போடறான், இவ என்னடான்னா ஷூ கடிக்குது, இந்த ஆளு வெங்காயம் தின்னுட்டு வந்து கட்டிப்பிடிக்கிறான்னு சொல்றாளா! சொல்லுவா. வாய் அப்படி. எனக்குத் தெரியும்க்கா, அந்தப் படத்துல நானும் இருக்கேன். அடையாளம் தெரியாது. இருபது பேர், ஒரே தொப்பி, ஒரே காலு. யார் முகத்தை யார் பாத்தா?

மேடைப் பொண்ணுங்களோட வாழ்க்கைன்னு பிராட்வே தெரு பூரா நோட்டீஸ் ஒட்டி வெச்சிருக்கான். எவன் எழுதினானோ. ஊரை விட்டு ஓடியாந்து, பணக்காரன் கையில சிக்கி, மழையில நனைஞ்சு சாகறா. ஒருத்தி கூட முட்டி வீங்கி வெந்நீர்ல காலை வெச்சுக்கிட்டு உக்காரல பாருங்க. ஒருத்தி கூடக் காலுறை கிழிசலைத் தைக்கல.

நிலா மேல ஒருத்தி உக்காந்து போவாளே, பாத்தீங்களா? அது வெர்னா. நானும் அவளும் நாப்பத்தேழாம் தெருவுல ஒரே ரூம். ஒரே கட்டில். நல்ல கோட்டு ஒண்ணே ஒண்ணு, வேலை தேடிப் போறவ போட்டுக்கணும். வீட்டுக்காரம்மா சமைக்கக் கூடாதுன்னா, இவ கதவுக்குத் துணி அடைச்சுட்டு முட்டை பொரிப்பா. வாசனை எங்க போகும்? அந்தம்மா வந்து கத்துனா, இவ பொறுமையா ஒரு முட்டையைத் தட்டுல வெச்சு நீட்டுவா. அந்தம்மா அதையும் தின்னுட்டுத்தான் திட்டும்.

படத்துக்கு நிஜ ஆட்டக்காரிங்க வேணும்னு எங்க குரூப்பை மொத்தமா கூட்டிட்டுப் போனாங்க. டைரக்டர் எங்களை வரிசையா நிக்கவெச்சுப் பாத்தாரு. நீ நிலாவுல ஏறுன்னு வெர்னாவைக் கைகாட்டினாரு. ஒருத்தி மட்டும், படம் பூரா அவ முகம். பொய் சொல்லக்கூடாது, எங்க எல்லாருக்கும் வயிறு எரிஞ்சுது. எனக்குக் கொஞ்சம் அதிகமாவே. அன்னிக்குக் காலையில கோட்டு என் முறை. அவ கேட்டா, நான் குடுக்கல.

பலகையில செஞ்ச நிலா, வெள்ளி வர்ணம் அடிச்சது. மேல உத்தரத்துல ஒரு கொக்கி, அதுல மாட்டிக் கயித்தால இழுப்பாங்க. கீழ நாங்க ஆளுக்கொரு ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துச் சிரிக்கணும். எங்களுக்கு மூடு வரணும்னு பக்கத்துல ரெண்டு பேர் ஃபிடில் வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க. டைரக்டர் குழாய்ல கத்திக்கிட்டு இருப்பாரு. எவ சிரிப்பை விட்டாலும் படச்சுருள் வீணு, அவளுக்கு அன்னியோட வேலை போச்சு.

ரெண்டு தடவை நல்லபடியா ஏறி இறங்கினா. மூணாவது தடவை கொக்கி விட்டுது.

இல்ல, அது படத்துல இருக்காது. அதுக்கு ஒரு நொடி முன்னாடி வெட்டிட்டான். உடனே பணக்காரனுங்க கைதட்டற மாதிரி ஒட்டியிருக்கான். கொட்டகையில இருக்கறவங்களும் சேர்ந்து தட்டறாங்க. பதினோரு தடவை பாத்துட்டேன்க்கா, பதினோரு தடவையும் தட்டறாங்க. முதல் தடவைக்கு அப்புறம் நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன், கைதட்டல் கேட்டாத்தான் முடிஞ்சுதுன்னு தெரியும். ராத்திரி மாடிப்படியில யாராவது விரலைச் சொடுக்கினாக்கூட, கொக்கி விட்ட சத்தம்னு எந்திரிச்சு உக்காந்துடறேன். அவ பக்கத்துக் கட்டில் பாதி இன்னும் அப்படியே கிடக்கு, நான் அந்தப் பக்கம் புரளறதில்ல.

வெட்டறதுக்கு முன்னாடி அவ கீழ பாத்து ஏதோ சொல்றா இல்ல? பெருசாச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா. பாட்டுப் பாடறான்னு பக்கத்து சீட்டுக்காரி சொன்னா. நீங்க சொல்லுங்க. அதுக்குத்தான் உங்க பின்னாடியே வந்தேன். தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க, பரவாயில்ல.

அவ்ளோ தெளிவாவா இருக்கு?

குடுங்க... இர்மா, கொக்கி விடுது, இறக்கச் சொல்லு. இர்மா, சொல்லேன்.

ம். சரியா இருக்கு. ஒரு எழுத்துத் தப்பில்ல.

இர்மா நான்தான்க்கா. நேர் கீழ நின்னது நான். மத்தவளுங்களுக்கு ஃபிடில் சத்தத்துல காதுல விழல, சத்தியமா விழல. எனக்கு விழுந்துது. அவ சொன்னதும் நான் அண்ணாந்து பாத்து இன்னும் பெருசாச் சிரிக்கிறது படத்துல அப்படியே இருக்கு. பயந்தாங்கொள்ளி, வேஷம் போடறான்னு நெனச்சேன். நெனச்சேனா, இல்ல நெனைக்கணும்னு இருந்தேனா, எனக்கே தெரியல. விசாரணையில ஜட்ஜ் கேட்டாரு, அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளான்னு. ஒண்ணுமே சொல்லலைங்கன்னேன். கம்பெனிக்காரன் முந்தின நாளே ரூமுக்கு வந்து, அடுத்த படத்துல முன்வரிசைன்னு சொல்லிட்டுப் போயிருந்தான். அவளாவே கையை விட்டுட்டான்னு எழுதி மூடிட்டாங்க.

மூணு மணி ஆட்டத்துக்கு நேரமாச்சா? அந்தா, எதிர்த்தாப்புல கொட்டகை வாசல்ல கறுப்புத் தொப்பியோட ஒரு அம்மா நிக்குதே, டிக்கெட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. வெர்னாவோட அம்மா. ஒஹாயோவிலேருந்து ரயிலேறி வந்திருக்காங்க, பொண்ணு முகத்தைப் பாக்கணும்னு. அவ சிநேகிதி நீதானே, பக்கத்துல உக்காந்துக்கோன்னு எனக்குக் கடுதாசி போட்டாங்க. அவங்களுக்கும் உங்களை மாதிரி காது கேக்காதுக்கா, பொறந்ததுலேருந்து. வெர்னா அம்மாகிட்டப் பேசிப் பேசித்தான் வாயை அப்படிச் சுத்தமா அசைப்பா.

இல்ல, தடுக்கப் போறதில்ல. உள்ள கூட்டிட்டுத்தான் போகப்போறேன். நிலா ஏறறதுக்கு முன்னாடியே அவங்ககிட்டச் சொல்லிடணும். இருட்டுல என் வாய் தெரியாது. திரை வெளிச்சத்துல கை ஜாடை தெரியும்ல?

எனக்குக் கேட்டுச்சு. இதைக் கையால எப்படிக்கா சொல்றது?