பதக்கம் வென்றவர் உயிரோடு இருக்கிறார்

அவைக்குத் தலைமை ஏற்று, "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று என்னைக் கண்ணாலேயே எச்சரித்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! அகவையால் உயர்ந்த ஆன்றோர்களே! அனுபவத்தால் உயர்ந்த சான்றோர்களே! பெற்ற பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, தொலைபேசி மணி அடித்தாலே குலதெய்வத்தைக் கூப்பிடும் அன்னையர் குலமே! இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! பஞ்சாலையில் நூல் இழுத்துக் காய்த்துப்போன கைகள் இவை. இந்தக் கைகளைக் கூப்பி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசுவதற்கு நான் என்ன தந்தியா, தலைவர் அவர்களே? ஆலை இரைச்சலுக்கு மேலே தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசிப் பழகிய தொண்டை இது. ஆனாலும் இன்று நீட்டி முழக்க மாட்டேன். எனக்கு இந்த மேடையில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. அதை முடிக்காமல் இறங்கவும் மாட்டேன்.

நாட்டின் தலைசிறந்த வீரப்பதக்கம் நம் மாநிலத்துக்கு முன்பும் வந்திருக்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதக்கத்தை யார் வாங்கினார்கள்? எண்ணிப் பாருங்கள்! தாய் வாங்கினாள். தாரம் வாங்கினாள். தள்ளாத வயதில் தந்தை வாங்கினார். வென்றவன் வந்து வாங்கியதுண்டா? தன் மார்பில் அது மின்னுவதை அவன் குனிந்து பார்த்ததுண்டா? இதோ, எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருக்கும் செவிலியர் தன் கணவருக்காக வாங்கினார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில்வே பெரியவர் தன் மகளுக்காக வாங்கினார். பெற்ற தாயான நான், போர்முனையிலிருந்து செய்தி அனுப்பும் வானொலிக் கருவியைக் கடைசிவரை கைவிடாத என் மகனுக்காக வாங்கினேன். வாங்கிய கையோடு வீட்டுக்குப் போய், அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். பிறகு பல மாதம் அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

இந்த ஆண்டும் பதக்கம் வந்தது. இராணுவ லாரி ஓட்டுநர் ஒருவருக்கு வந்தது. மலைப்பாதையில் எதிரிகள் சுட்டுக்கொண்டே இருக்க, லாரியைத் திருப்ப இடமில்லாமல், பின்பக்கம் முழுக்கக் காயம்பட்டவர்களை வைத்துக்கொண்டு, தன் காலில் குண்டு பாய்ந்த பிறகும், பின்னோக்கியே ஓட்டி அவர்களை அடிவாரம் சேர்த்தவர் அவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், வழிகாட்ட ஒரு சின்னக் கண்ணாடி! அந்தக் கண்ணாடியிலும் விரிசல்!

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் அவர் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவர் என்ன கேட்டார் தெரியுமா? "யாரு, இவரா? எங்க சந்துல ஒரு சைக்கிளையே நேரா நிறுத்தத் தெரியாதே இவருக்கு!" என்றார்.

பின்வரிசையில் என்னம்மா அப்படிச் சிரிப்பு? உங்கள் வீட்டிலும் அதே கதைதானா? சரி, சரி.

இனிமேல்தான் கதையே இருக்கிறது. நம் மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பதக்கச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். சீருடையில் இரண்டு அதிகாரிகள் வீட்டுக்குப் போவார்கள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இழந்த குடும்பத்துக்குக் காட்டும் மரியாதை அது. கதவைத் திறக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டுமல்லவா? அதற்காகக் குடும்பத்தினர் சங்கத்தின் தலைவியாக நானும் கூடப் போவேன்.

அன்றும் அந்த ஓட்டுநரின் வீட்டுக்குப் போனோம். அதே வண்டி, அதே நடை, அதே தாழ்ந்த குரல். "இந்த ஆள் உயிரோடு இருக்கிறாரே, தொப்பியை எதற்குக் கழற்றுகிறோம்?" என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை! பழக்கதோஷம் யாரை விட்டது?

அந்தப் பெண் வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். அன்று காலையில்தான் வெளியூர் மருத்துவமனையில் அவர் கணவருக்கு இரண்டாம் அறுவை சிகிச்சை. செய்திக்காக ஒரு பக்கம் காதையும், துணியில் ஒரு பக்கம் கண்ணையும் வைத்துக்கொண்டு இருந்தவர், காலடி ஓசை கேட்டுக் கதவைத் திறந்தார். சீருடையைப் பார்த்தார். கக்கத்தில் இருந்த தொப்பிகளைப் பார்த்தார். படீரென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

"போயிடுங்க! நீங்க வாயத் திறக்காதீங்க! நீங்க சொல்லலைன்னா அது நடக்கல!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

அதிகாரி பதறிப்போய், "அம்மா, நல்ல செய்திதாம்மா!" என்கிறார்.

"நல்ல செய்திக்கு எதுக்கு ரெண்டு பேரு? எதுக்குத் தொப்பியக் கழட்டியிருக்கீங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. நூற்பாலைக் குரலை எடுத்தேன். "அம்மாடி! உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா! அவருக்குப் பதக்கம் குடுத்திருக்காங்க!"

"பதக்கமா?" என்று ஒரு அலறல். "ஐயோ, அப்ப செத்தே போயிட்டாரு!"

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதக்கம் என்றால் சாவு என்றல்லவா நம் பெண்கள் பாடம் படித்து வைத்திருக்கிறார்கள்! அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியுமா? நாமெல்லாம் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் அது.

நல்லவேளை, இளைய அதிகாரிக்குப் புத்தி வேலை செய்தது. மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டார். மயக்கம் தெளிந்து படுத்திருந்தவரின் காதருகே அங்கே ஒருவர் பிடித்துக்கொள்ள, இங்கே இவர் கைபேசியைச் சத்தமாக வைத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்.

"ஏம்மா, கதவத் தொற. பாவம், வெயில்ல நிக்கிறாங்களாம்" என்றது சோர்ந்த குரல்.

"நீங்கதானா? நிஜமாவே நீங்கதானா? அப்படின்னா சொல்லுங்க, மெஷினுக்குப் போடற எண்ணெய் டப்பாவ எடுத்து எங்க வெச்சீங்க?"

"எண்ணெய் டப்பாவா? நானா? நான் எடுக்கவே இல்லியே!"

"அவருதான்! அவரேதான்! எடுத்தத எடுத்தேன்னு என்னிக்கு ஒத்துக்கிட்டாரு!"

தாழ்ப்பாள் திறந்தது! அந்தப் பெண் அழுதுகொண்டே சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே அழுகிறார். மூத்த அதிகாரி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல, நான் சொன்ன சேதியக் கேட்டு ஒருத்தங்க சிரிச்சது இதுதாம்மா முதல் தடவை" என்றார்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மறைக்க மாட்டேன். ஒரு நொடி வயிறு எரிந்தது. எனக்கு இப்படி ஒரு குரல் ஜன்னல் வழியாக வரவில்லையே என்று எரிந்தது. மனுஷிதானே நானும்? ஆனால் அந்தப் பெண் என் தோளில் முகத்தைப் புதைத்தார். "அம்மா, இருக்காரும்மா, இருக்காரும்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் மகன் போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரத்தில் பாதி அங்கேயே இறங்கியது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவையோரே! அந்த ஓட்டுநர் இப்போது எங்கே? மேடையில் இல்லை. அதோ, ஓரத்து இருக்கையில், ஊன்றுகோலை மடிமேல் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? பாருங்கள், நன்றாகப் பாருங்கள்!

மேடைக்கு வர மாட்டேன் என்கிறார். தலைவர் அழைத்தார், வரவில்லை. விழாவுக்கு வந்திருக்கும் தளபதி அழைத்தார், வரவில்லை. இன்று காலை நானே போய்க் கேட்டேன். "அம்மா, அந்த மேடை வரிசையில எல்லாரும் ஒருத்தரப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கீங்க. நடுவுல நான் எப்படிம்மா உசுரோட வந்து உக்காருவேன்? என் வண்டியில ஏத்துனவங்கள்லயே ரெண்டு பேரு வழியில போயிட்டாங்க. உங்க முகத்த என்னால பாக்க முடியல" என்றார்.

தம்பி, காலையில் நீ சொன்னதற்கான பதிலை இந்த மேடைக்கென்று வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், கேள்! என் மகன் எதற்காக உயிரைக் கொடுத்தான்? எல்லாரும் சாக வேண்டும் என்றா கொடுத்தான்? யாராவது வீடு திரும்ப வேண்டும் என்றல்லவா கொடுத்தான்! திரும்பி வந்த முகம் உன் முகம்தான். அதை நான் பார்க்கக் கூடாதா? உயிரோடு இருப்பதற்கு நீ யாரிடம் மன்னிப்புக் கேட்கிறாய்? என்னிடமா? இந்தச் செவிலியரிடமா? இந்த ரயில்வே பெரியவரிடமா? நாங்கள் உன்னை அழைப்பது கணக்குக் கேட்க அல்லவே அல்ல. ஒருவனாவது வந்து சேர்ந்தானே என்று நிம்மதியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளத்தான் அழைக்கிறோம்.

என்ன, இன்னும் தலை நிமிரவில்லையா? அப்படியானால் சரி. தலைவர் அவர்களே, மேடை உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா? இல்லையே! செவிலியம்மா, எழுந்திருங்கள். பெரியவரே, என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி செங்குத்து. தலைவர் அவர்களே, பதக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களும் வாருங்கள். ஒலிபெருக்கிக்காரத் தம்பி, இந்தக் கம்பி எவ்வளவு தூரம் வரும்? வரும்வரை விடு, அதற்குமேல் எனக்குத் தொண்டை இருக்கிறது!

வழி விடுங்கள், வழி விடுங்கள். எழுந்து நிற்காதே தம்பி, கால் நோகும். சொன்னால் கேட்கிறானா பார்! தலைவர் அவர்களே, பதக்கத்தை இவன் சட்டையில் குத்துங்கள். பொறுமையான அவையோரே, உங்களுக்கு என் நன்றி. எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம். இனி நான் இவனோடு பேச வேண்டும். ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள்.