பொம்மை வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

…அய்ய, அது மேல பைய வெக்காதீங்க சார்! எடுங்க, எடுங்க. வெறும் அட்டப் பொட்டின்னு நெனச்சீங்களா? உள்ள ஃபயர்பிளேசு கீது. நெசமாத்தான். தொரைங்க பங்களாவுல செவுத்துல பொந்து மாதிரி கட்டி, கட்ட போட்டு எரிப்பாங்களே, குளுருக்கு… அதேதான். சாண் ஒசரம். பொம்மைக்கு. சிரிங்க, சிரிங்க, நானும் அப்பிடித்தான் சிரிச்சேன். இப்ப பாருங்க, ஞாயித்துக்கெழம அதுவுமா கோரமண்டல் டேசன்ல ரயிலேறி ஒயிட்ஃபீல்டு வரைக்கும் மடியில வெச்சினு போறேன்.

பொம்மைக்குக் குளுருதாம் சார்! எம் மருமவ ராதிகா சொல்றா. வாரத்துல அஞ்சி நாளு இதே ரயில்ல பெங்களூர் போயி கம்பியூட்டர் தட்டிட்டு வர்றா, வந்து காபி குடிச்சாளா, ஒடனே பொம்ம ஊடு கட்ட ஒக்காந்துடுவா. சொல்லிக் குடுக்கறது யாரு? யூடியூபுல ஒரு வெள்ளக்காரி. முட்ட வெக்கிற அட்ட கீதே, அத்த நறுக்கினா செங்கல்லாம். ஐஸ் குச்சிய ஒட்டினா மேல்பலகையாம். தெர்மாகோலு சொவுராம். சாக்பீசு தூள பெயிண்டுல கலந்தா காரையாம். முருங்கக் குச்சிய ஒடிச்சிப் போட்டா அது எரியிற கட்டையாம், அடியில பேட்டரி மெழுகுவத்தி லைட்ட வெச்சா நெருப்பாம். அட்ட காலியாவணும்னு ஒரு மாசமா எங்க ஊட்ல முட்டதான் சார். பொம்மைக்கு சொவுரு ஏறிச்சி, எனக்கு கொலஸ்ட்ரால் ஏறிச்சி.

அந்த ஊட்ட நீங்க பாக்கணுமே. கீழ ரெண்டு ரூமு, மேல ரெண்டு ரூமு, நடுவுல படிக்கட்டு. குடித்தனம் எத்தினி பேரு? நாலே பொம்ம! நாங்க தங்க மைன்ஸ் லைன் ஊட்ல ஏழு பேரு ஒரே ரூம்ல படுத்தோம் சார். ஒருத்தன் பொரண்டா மொத்த பேரும் பொரளணும். ஃபயர்பிளேசு கேட்டமா? பக்கத்துல படுத்தவன் மூச்சுதான் ஃபயர்பிளேசு.

இன்னா சார், காதுல அந்த பாட்டு ஒயர மாட்றீங்க? பேசினு இருக்கோம் இல்ல… ஆங்.

சரி, நம்மளுக்கு எதுக்குன்னு வாய மூடினுதான் இருந்தேன். சத்தியமா. ரெண்டே தபாதான் சொன்னேன். சரி, ஒரு பத்து தபா. "ஏம்மா, சிம்னிக்கு மேல அட்ட ஒட்டி மூடி வெச்சிகிறியே, பொக எப்பிடிப் போவும்?" அவ இன்னா சொல்றா? "அது சும்மா அழகுக்கு மாமா." அழகுக்கு சிம்னியா! யார்கிட்ட சொல்றா? கோரமண்டல்ல எறங்கி வரதன்னு கேளுங்க. மைன்ஸ் மூடுற வரைக்கும் பதினாலு வருஷம் வெண்டிலேஷன்ல இருந்தவன் நானு. வெடி வெச்சி ப்ளாஸ்டிங் ஆனதும் எந்த லெவல்ல காத்து ஓடுது, எங்க பொக நிக்கிதுன்னு பாத்து நான் சரின்னாதான் ஷிஃப்ட்டு ஆளுங்க உள்ள போவாங்க. என் ஊட்டுக்குள்ளியே மூடின சிம்னி! சோறு எறங்குமா சார்?

அப்பறம் இன்னா, வியாழக்கெழம சாயங்காலம் அது பத்திக்கிச்சி. எப்பிடின்னா… பத்திக்கிச்சி சார், அவ்ளோதான். தெர்மாகோலு இன்னா கருங்கல்லா? அதுல பாபு கடையில வாங்கின பசை வேற, மண்ணெண்ண மாதிரி நாறுது. அந்தப் பசைய விக்கிறவன புடிச்சி உள்ள போடணும். அந்த வெள்ளக்காரியையும் சேத்துதான்! பாக்கறவன் ஊட்ல வயசானவங்க இருப்பாங்களே, எச்சரிக்க ஒண்ணு சொல்லணுமா இல்லியா?

யாரு கொளுத்தினதுன்னு பாக்குறீங்களா? அந்தப் பார்வ வேணாம் சார். கொளுத்தல. டெஸ்ட் பண்ணேன். ரெண்டுக்கும் வித்தியாசம் கீது. ஊசியால மேல ஓட்ட போட்டேன், கீழ ஒரே ஒரு ஊதுவத்தி காட்டினேன். பொக மேல போவல, உள்ளியே சுத்துது. ஓட்ட பத்தல போலன்னு பெருசு பண்ணேன். அப்பவும் சுத்துது. சூடு பத்தலியோன்னு ஒரு துண்டு கற்பூரம்… ஒரு துண்டுதான் சார், மொளகு அத்தினி.

ஃபயர்பிளேசு போச்சி. ஹால் சொவுரு பாதி போச்சி. அப்பா பொம்மைக்கு மீச கருகிச்சி.

இன்னிக்கு ஒயிட்ஃபீல்டுல கைவேல சந்த. அவளுக்கு மொத தபா கட போட எடம் குடுத்துகிறாங்க, அந்த ஊட்டத்தான் முன்னால வெக்கிறதா இருந்தா. அன்னிக்கு உள்ள வந்து பாத்தா சார். கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தா பரவால்ல. தொடப்பத்த எடுத்து சாம்பல பெருக்கினா. அந்தக் குட்டிக் குட்டி செங்கல்லுல கருகாதத ஒண்ணொண்ணாப் பொறுக்கி டப்பாவுல போட்டா. அன்னியிலிருந்து மாமான்னு ஒரு வார்த்த இல்ல. "உங்கப்பாவ சாப்பிடச் சொல்லுங்க"ன்னு எம் புள்ள மஞ்சுநாத்துகிட்ட சொல்றா, நான் எதிர்லதான் ஒக்காந்துகினு இருக்கேன்! நான் வாயத் தொறந்தா அவன் "சும்னிரப்பா"ன்றான், சும்மா இருன்னு கன்னடத்துல. நேத்து காலைல ஓட்ட சொவுத்தோட அந்த ஊட்ட எடுத்துகினு அவ அக்கா ஊட்டுக்குப் பூட்டா.

அதான் நானே செஞ்சேன். ரெண்டு நாளா அந்த வெள்ளக்காரிகிட்ட நானே பாடம் கேட்டேன். கெட்டிக்காரிதான், கொற சொல்லக் கூடாது. பதினொரு மணிக்கு சந்த தொறக்கறான், அதுக்குள்ள இத்த அந்த ஓட்டையில வெச்சுட்டா ஊடு முழுசாயிடும். அவ மாமான்னு கூப்பிட்டுட்டா போதும், அடுத்த ரயிலுக்கு வந்துடுவேன்.

இருங்க, காட்றேன். செங்கல்லு எப்பிடி? வரி தப்பாம ஒட்டிகிறேன் பாருங்க. இங்க பாருங்க, சிம்னிக்குள்ள அட்ட இல்ல, பழைய டார்ச்சுலைட்டு குழாய்! தகரம்! மேல தொறந்து உட்டுட்டேன். இது இழுக்கும் சார். இழுக்கணும்.

பொம்மதானே மாமான்னு முன்ன சொன்னா அவ. பொம்மதான், யாரு இல்லன்னாங்க? ஆனா அதுக்கு மூக்கு வரைஞ்சிகிறாளே சார்! நாலுத்துக்கும் வரைஞ்சிகிறா. எங்கூட மைன்ஸ்ல இருந்த ஏசுபாதம் ஒரு நாளு, எவனோ காத்துக் கதவ மூடிட்டுப் பூட்டான், பொகையில மாட்னான். தூக்கினு வந்து கேஜ்ல, அதான் சொரங்க லிஃப்ட்டுல, ஏத்தினோம். இன்னிக்கும் ஒரு மாடி ஏற நாலு தபா நிக்கிறான். மூடின சிம்னிய என்னால பாக்க முடியல. அவகிட்ட இத்த சொல்ல வாய் வரல, ஒங்ககிட்ட வருது பாருங்க.

காலைல கெளம்பும்போது மஞ்சுநாத்து என் சட்டப் பாக்கெட்ட தொழாவி தீப்பெட்டிய எடுத்துகினான். பெத்த அப்பன திருடன மாதிரி… பேண்ட்டு பாக்கெட்ட பாக்கல அவன்.

இல்ல சார், இழுக்குதா இல்லியான்னு தெரியாம எப்பிடி அவ கையில குடுக்கறது? ஒரு நிமிஷம். பொட்டிய இப்பிடி நேராப் புடிங்க… ஏன் எழுந்துட்டீங்க? மாலூருக்கு டிக்கெட்டுன்னு சொன்னீங்களே, இது பங்காரப்பேட்ட சார், மாலூரு இன்னும் வரல! சார்! பைய உட்டுட்டுப் போறீங்க… ஆங், எடுத்துகினீங்களா, சரி.

போறான் பாரு, திரும்பிக் கூட பாக்காம.

யம்மா… பூக்கூட அம்மா, எங்க எறங்கறீங்க? ஒயிட்ஃபீல்டா! நல்லதாப் போச்சி. அந்த சன்னல கொஞ்சம் சாத்திட்டு, இத்த ரெண்டு கையால புடிங்க. பயப்படாதீங்கம்மா… மொளகு அத்தினிதான்.