தங்க அட்டைக்காரர்

"நான் கொழும்புக்குப் போறதே திரும்பி வாறதுக்குத்தான்."

சண்டைக் காலம். கிண்ணியாவுக்குப் படகு ஏற இராணுவச் சோதனை வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற வியாபாரி ஒருவர் பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்ற தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார்.

"அப்ப அங்க அலுவல் ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. இந்த வருசம் இன்னும் ஒருக்காப் பறக்காட்டி, பிளேன்காரர் தந்த கோல்ட் கார்டைப் பறிச்சுப் போடுவாங்கள்."

"அந்தக் கார்டால என்ன லாபம்?"

"என்னை முதல் ஆளா ஏத்துவாங்கள்."

"முதல் ஆளாப் போய்ச் சேருவீங்களோ?"

"அதெப்படி? எல்லாரும் ஏறினாப் பிறகுதானே வெளிக்கிடும்."

"வேற?"

"காத்திருக்கத் தனி அறை. மெத்தைக் கதிரை. தேத்தண்ணி சும்மா தருவாங்கள்."

"நானும் சும்மாதானே தாறன்."

"அங்க என்னை மரியாதையா 'சேர், சேர்' எண்டு கூப்பிடுவாங்கள்," என்றார் அவர் மெதுவாக.

"நீங்கள் மேல பறக்கிற நேரம் முழுக்க நான் சாமி அறையிலதான் நிக்கிறனான். பிளேனைச் சுட்டு விழுத்துற காலத்தில ஒரு கதிரைக்காக என்னைப் பயப்படுத்தாதேங்கோ."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"சரி, போகேல்ல. அழாதையும்."

பெண்களின் வரிசை சிறியது. அவர் மனைவி சோதனை முடிந்து முதலில் படகில் ஏறினார்.

"எனக்கும் ஒரு இடம் பிடியும்!" என்று இவர் கரையிலிருந்து கத்தினார்.

அந்த அம்மா பக்கத்துப் பலகையில் கைப்பையை வைத்தார். அங்கே உட்கார வந்தவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"அதில இருக்க ஏலாது. பெரிய ஆள் ஒருத்தர் வாறார்."